இரண்டு மரியாதைகள் மோதிக்கொள்ளும் இடம்: தம்பதியராக வெளியூர், வெளிநாடு சென்றவர்களிடம் ஒரு கேள்வி

தறிவீடு (குடியாத்தம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கைலித் தறியின் ஓசை கேட்காத ஊரில் அவருக்கு இன்றும் சரியாக உறக்கம் வராது. வரும் மார்ச் மாதம் ஜப்பானில் வேலை பார்க்கும் மகள், மருமகனுடன் மூன்று வாரம் தங்கிவிட்டு, திரும்பும் வழியில் பாலித் தீவில் ஐந்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். விசாவையும் விமானச் சீட்டையும் மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் கேட்க வந்தது வேறு.

சென்ற ஆண்டு ஒரு சுற்றுலாக் குழுவுடன் துருக்கிக்குச் சென்றிருந்தோம். இஸ்தான்புல்லில் ஒரு கம்பளக் கடையின் வாசலில் என் மனைவி நின்றுவிட்டார். கம்பளத்தின் ஓரத்தைத் திருப்பி, பின்புற முடிச்சுகளை விரல் நுனியால் எண்ணத் தொடங்கினார். ஒரு நெசவாளியின் கை எப்படித் தொடும் என்பது அந்தக் கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் இருவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்து, இடுப்புச் சிறுத்த சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வரவழைத்தார். கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் என் மனைவி. ஆகவே முழுவதும் குடித்தார். விருந்தினரின் குவளை காலியாக இருக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அந்தக் கடைக்காரர். ஆகவே உடனே நிரப்பினார். இப்படியே ஏழு குவளை. நடுவில் என் மனைவி, இது கையால் முடிந்ததா, இயந்திரத்தில் செய்ததா என்று சைகையில் கேட்டபோது, அவர் இயந்திரம் இல்லை என்று சொல்வதற்காகப் புருவத்தை உயர்த்தி ‘ச்சு’ என்று ஒலி எழுப்பினார். துருக்கியில் ‘இல்லை’ என்பதற்கு அதுவே வழக்கம். நம் ஊரில் அது உச்சுக் கொட்டுவது அல்லவா? தம் கேள்வி அவர் மனத்தைப் புண்படுத்திவிட்டது என்று நினைத்து, அந்த வருத்தத்தைத் தீர்க்க, என் மனைவி எட்டாவது குவளையையும் வாங்கிக் குடித்தார். கடைசியில் எங்கள் வழிகாட்டி வந்து, சிறு கரண்டியைக் குவளையின் வாய்மேல் குறுக்காக வைத்தார். தேநீர் நின்றது. ‘போதும்’ என்பதற்கு அங்கே அதுதான் அடையாளமாம்.

அன்று இரவு அறைக்கு வந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குள் ஒரு கேள்வி நின்றுவிட்டது. அங்கே யாரும் தவறு செய்யவில்லை. இரண்டு பேரும் தத்தம் ஊரின் மரியாதையைத்தான் முழுமையாகக் கடைப்பிடித்தார்கள். அந்த இரண்டு மரியாதைகளும்தான் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இப்படிப்பட்ட தருணங்கள் தம்பதியராகப் பயணம் செய்த உங்களுக்கு நேர்ந்திருந்தால் விரிவாக எழுத வேண்டுகிறேன். எந்த நாடானாலும் சரி. ஜப்பான், பாலி பற்றி அறிந்தவர்கள் எழுதினால் எங்களுக்கு நேரடியாகவே உதவும். என் மனைவி ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நீங்கள் எழுதுவதை நான் படிக்கப் படிக்க அவர் குறித்துக்கொள்வார்.

தோல்பதம் (ராணிப்பேட்டை):

ஐயா, வணக்கம். தோல் பதனிடும் தொழிலில் இருந்த நான், 2014 முதல் இரண்டு ஆண்டுகள் எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் மனைவியுடன் வாழ்ந்தேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் இத்தொழில் கற்றவர்கள் அங்கே செல்வது புதிதல்ல. உங்கள் எட்டுக் குவளைத் தேநீரைப் படித்தபோது, எங்களுக்காக ஆறு மணி நேரம் பசியோடு காத்திருந்த ஒரு குடும்பம்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில், உடன் பணிபுரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வீட்டுக்கு விருந்துக்கு வரும்படி அழைத்தார். மனைவி பகலில் சிறிது ரசம் சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டு, மாலையில் பட்டுப்புடைவை உடுத்தி, சரியாக ஏழு மணிக்கு நாங்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். எத்தியோப்பியர்களின் கடிகாரம் சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நாம் காலை ஏழு மணி என்பதை அவர்கள் ஒரு மணி என்பார்கள். நமது பகல் ஒரு மணி அவர்களுக்கு ஏழு மணி. அவர்கள் எங்களை மதிய உணவுக்கு அழைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கு மட்டும் ஊட்டிவிட்டு, கணவனும் மனைவியும் அவருடைய வயதான தாயாரும் அதுவரை ஒரு வாய் உண்ணாமல் உட்கார்ந்திருந்தார்கள். தொலைபேசியில் அழைத்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். அழைத்துக் கேட்டால் விருந்தாளியை விரட்டுவது போல் ஆகிவிடும் என்று எண்ணினாராம்.

இதில் எனக்கு இன்றுவரை வியப்பு என்னவென்றால், இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதே அல்ல. உதயம் முதல் நாழிகை எண்ணியவர்கள் நம் முன்னோர். இருபத்து நான்கு நிமிடம் ஒரு நாழிகை, அறுபது நாழிகை ஒரு நாள் என்று என் பாட்டனார் வாய்ப்பாடு போலச் சொல்வார். அதைச் சொல்லி நான் மன்னிப்புக் கேட்டபோது அந்தத் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு உணவு வந்தது. பெரிய வட்டத் தட்டு நிறைய இஞ்செரா. தெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைப் பல நாள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுப்பார்கள். மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். என் மனைவி பார்த்தவுடன், “என்னங்க, நம்ம தோசையைத் திருப்பிப் போட மறந்துட்டாங்க போல” என்று என் காதில் சொன்னார். எல்லோரும் ஒரே தட்டில் கையால் உண்பது வழக்கம். திடீரென்று வீட்டுக்காரர் ஒரு பெரிய கவளத்தை உருட்டி என் வாயருகே நீட்டினார். அதற்குக் ‘குர்ஷா’ என்று பெயர். அன்புள்ளவருக்குத் தம் கையாலேயே ஊட்டுவது அவர்களுடைய பெரிய மரியாதை. கவளம் எவ்வளவு பெரிதோ அன்பும் அவ்வளவு பெரிது. எனக்கு ஊட்டியவர் அடுத்து என் மனைவியின் பக்கம் திரும்பினார். திருமணத்தன்று பாலும் பழமும் கொடுத்த என்னைத் தவிர வேறோர் ஆண்மகன் கையால் உண்டறியாத என் மனைவி, என்னைப் பார்த்தார்; நான் தட்டைப் பார்த்தேன். அந்த இரண்டு நொடியில் அந்த வீட்டின் தாயார் நிலைமையைப் புரிந்துகொண்டு, மகனின் கையிலிருந்த கவளத்தைத் தாம் வாங்கி என் மனைவிக்கு ஊட்டினார். என் மனைவியும் உடனே ஒரு கவளம் உருட்டி அவருக்குத் திரும்ப ஊட்டினார். வளைகாப்பு வீட்டில் சுமங்கலிகள் ஊட்டுவது போலவே இருந்தது அது. அதன் பிறகு அந்த அம்மாள் எங்களை அங்கிருந்த இரண்டு ஆண்டும் மகன், மருமகள் என்றே அழைத்தார்.

விருந்து முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள் என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். காப்பிக் கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, அதன் புகையை நம் பக்கம் விசிறி, சாம்பிராணி போட்டு, ‘ஜெபெனா’ என்ற கழுத்து நீண்ட மண்குடுவையில் காய்ச்சி, மூன்று சுற்று தருவார்கள். அபோல், தோனா, பரக்கா என்று மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மூன்றாவது சுற்று ஆசி. அதற்கு முன் எழுவது முறையல்ல. நாங்கள் விடைபெற்றபோது நம் கணக்கில் இரவு பத்து மணி, அவர்கள் கணக்கில் நான்கு மணி.

இன்னும் ஒன்று. அங்கே பலர் ‘ஆம்’ என்று சொல்வதற்குப் பதிலாக மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள். காய்கறிக்காரப் பெண்ணிடம் “இது இன்று பறித்ததா” என்று கேட்ட என் மனைவி, அவள் மூச்சிழுத்ததைப் பார்த்து, ஏதோ வலி கண்டுவிட்டது என்று பதறித் தண்ணீர் கொடுத்தார். அவளும் மறுக்காமல் வாங்கிக் குடித்தாள். அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுவது; 2014 செப்டம்பர் 11 அன்றுதான் அங்கே 2007 பிறந்தது. தமக்கு எட்டு வயது குறைந்துவிட்டதாகச் சொல்லி, என் மனைவி அந்த ஆண்டு முழுவதும் அந்தக் கணக்கிலேயே வயது சொன்னார்.

பெட்டிபடுக்கை (காட்பாடி):

தறிவீடு ஐயாவுக்கும் அவருடைய துணைவியாருக்கும் வணக்கம். என் கணவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் மகன் பல்கேரியாவில் மருத்துவம் படித்தபோது, பிப்ரவரிக் கடைசியில் சென்று ஆறு வாரம் அவனுடன் ப்ளோவ்திவ் நகரில் தங்கினோம். அங்கே தலையாட்டலே தலைகீழ். நாம் மேலும் கீழும் ஆட்டி ‘ஆம்’ என்போம். அவர்கள் பக்கவாட்டில் ஆட்டினால்தான் ‘ஆம்’. தலையை மேல்நோக்கி ஒருமுறை வெட்டினால் ‘இல்லை’. மகன் விமான நிலையத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்தான். அறுபது ஆண்டுகளாக ஆடிப் பழகிய தலை அதை ஏற்க வேண்டுமே!

மகனின் வீட்டு உரிமையாளரான மூதாட்டி எங்களை முதல் வாரமே உணவுக்கு அழைத்தார். கையில் பூ இல்லாமல் போகக் கூடாது என்று மகன் சொன்னதால் என் கணவர் பத்து ரோஜா வாங்கினார். எனக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை. மொய் எழுதும்போது நூறோடு ஒன்று சேர்த்து நூற்றொன்றாக வைக்கிற நமக்கு, முழுப் பத்து என்பது என்னவோ போல் இருந்தது. இன்னும் ஒன்று சேருங்கள் என்று நான் சொன்னவுடன் பூக்காரப் பெண் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். அந்த நாட்டில் இரட்டைப்படைப் பூக்கள் இறந்தவருக்கு மட்டும்தானாம். வேற்றூர்க்காரரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நம் மொய்ப்பழக்கம் அன்று எங்கள் மானத்தைக் காப்பாற்றியது.

ஆனால் சாப்பாட்டு மேசையில் காப்பாற்ற எதுவும் இல்லை. பயறு சூப்பும் ரொட்டியும் வந்தன. நாங்கள் சைவம் என்று அந்த அம்மாள் மகனிடம் முன்பே கேட்டறிந்து சமைத்திருந்தார். என் கணவர் ஒரு கிண்ணம் உண்டார். இன்னும் வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார்; “போதும்மா” என்று இவர் பக்கவாட்டில் தலையாட்டினார். மகிழ்ச்சியோடு கிண்ணத்தை நிரப்பினார். அதை உண்டு முடித்து இன்னும் அழுத்தமாகத் தலையாட்டினார்; இன்னும் நிறைவாக ஊற்றினார். மூன்றாவது கிண்ணத்துக்குப் பின் தயிர் வந்தது. கெட்டித் தயிர், மண்சட்டியில் உறைந்தது போல் வெட்டி எடுக்கும்படியான தயிர். பல்கேரியத் தயிர் உலகப் புகழ் பெற்றது. அதை உறையவைக்கும் நுண்ணுயிரியை 1905ஆம் ஆண்டில் ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற அந்நாட்டு மருத்துவர்தான் கண்டறிந்தார். தயிர்ச் சோறு இல்லாமல் உணவு முடிந்ததாக எண்ணாத என் கணவர், வந்த நாள் முதல் தேடிக்கொண்டிருந்த பொருள் அது. அந்த அம்மாள் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ‘வேண்டுமா’ என்பது போல் பார்த்தார். என் கணவர் ஆசையெல்லாம் முகத்தில் தெரிய, தலையை நன்றாக மேலும் கீழும் ஆட்டினார். அந்த அம்மாள் முகம் வாடி, சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மகன் ஓடிப்போய் விளக்கிச் சொல்லி, தயிர் திரும்பி வந்தது. அதன் பிறகு நேர்ந்ததுதான் இன்னும் பெரிய சிக்கல். இவர்களுக்காக நாம் மாற்றிக்கொள்வோம் என்று அந்த அம்மாள் நம்மைப் போல் தலையாட்டத் தொடங்கினார். அவருக்காக நாம் மாற்றிக்கொள்வோம் என்று என் கணவர் அவர்களைப் போல் ஆட்டத் தொடங்கினார். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததால் மறுபடியும் எல்லாம் தலைகீழாகவே நின்றது.

மார்ச் முதல் நாள் அந்த அம்மாள் படியேறி வந்து, வெள்ளையும் சிவப்புமாக முறுக்கிய நூலை எங்கள் இருவர் மணிக்கட்டிலும் கட்டினார். ‘மார்தெனித்சா’ என்று பெயர். நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை அதைக் கழற்றக் கூடாது. பார்த்தபின் அந்த நூலை மரக்கிளையில் கட்டிவிட வேண்டும். கங்கையம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்கிற ஊருக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தர வேண்டும்? எங்கள் தெருவில் பாதாம் மரம் ஒன்று பூத்த அன்று, என் கணவர் குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போய்த்தான் அந்த நூலைக் கட்டினார்.

தறிவீடு (குடியாத்தம்):

அம்மா, என் மனைவி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தத் தலையாட்டல் சிக்கல் கடைசியில் எப்படித் தீர்ந்தது என்று கேட்கச் சொல்கிறார்.

பெட்டிபடுக்கை (காட்பாடி):

தலையை விட்டுவிட்டு வாயைப் பிடித்துக்கொண்டோம், ஐயா. ‘தா’ என்றால் ஆம், ‘நே’ என்றால் இல்லை. ‘தா’ என்று என் கணவர் சொல்லும்போதெல்லாம் தமிழில் ‘கொடு’ என்று கேட்பது போலவே இருக்கும். தயிரைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் சரியாகவே அமைந்தன.

அகழிக்கரை (வேலூர்):

வெளிநாடு போக வேண்டியதில்லை, கொல்கத்தாவே போதும். மருத்துவமனைக்கு வருகிற வங்காளக் குடும்பங்களுக்கு வேலூரில் பலரும் அறை வாடகைக்குக் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் மாடியில் இரண்டு மாதம் தங்கிச் சிகிச்சை பெற்றுச் சென்ற ஒரு தம்பதியர் வற்புறுத்தி அழைத்ததால் நானும் என் மனைவியும் சென்றோம். ஹவுரா நிலையத்தில் வாடகைக் காரில் ஏறியதும் ஓட்டுநர் வங்காளியில் ஏதோ கேட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பதாக நினைத்து “வேலூர்” என்றேன். அவர் கேட்டது எங்கே போக வேண்டும் என்பது. அங்கிருந்து சிறிது தூரத்தில் கங்கைக் கரையில் பேலூர் மடம் இருக்கிறது. நேரே அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். மாலை ஆரத்தி நடந்துகொண்டிருந்தது. இருந்து கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

அவர்கள் வீட்டில் அந்த அம்மாள் என் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்காளத்தில் மணமான பெண்ணுக்கு வெண்சங்கு வளையும் சிவப்பு வளையும்தான் தாலி போல. வேலூரில் இரண்டு மாதம் பேசிப் பழகியும் இதை ஒருவரையொருவர் கேட்கக் கூச்சப்பட்டு, என்ன குறையோ என்று இருவரும் மனத்துக்குள்ளேயே வருந்தியிருக்கிறார்கள். அன்று மாலையே அந்த அம்மாள் என் மனைவியைக் கடைக்கு அழைத்துப்போய் சங்கு வளை வாங்கிப் போட்டுவிட்டார். என் மனைவி ஊருக்கு வந்ததும் மஞ்சள் சரடு ஒன்றைக் கூரியரில் அனுப்பினார்.

புறப்படும்போது அவர்கள் ‘போகிறேன்’ என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார்கள். ‘ஆஷ்ச்சி’ என்பார்கள், ‘வருகிறேன்’ என்று பொருள். நம்மைப் போலவேதான்.

மாடிவீடு (சத்துவாச்சாரி):

வணக்கம் ஐயா. நானும் என் மனைவியும் நான்கு ஆண்டுகள் நகோயாவில் இருந்தோம். அகழிக்கரை நண்பர் எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி சொல்லித் தொடங்குகிறேன். ஜப்பானியர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘இத்தே கிமாஸ்’ என்பார்கள். ‘இத்தே’ என்றால் போய், ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன்; சொல்லுக்குச் சொல் நம்முடைய ‘போய் வருகிறேன்’. வீட்டில் இருப்பவர் ‘இத்தெராஷாய்’ என்று பதில் சொல்வார், ‘போய்விட்டு வாருங்கள்’ என்று. உங்கள் மருமகன் காலையில் அலுவலகம் கிளம்பும்போது அம்மா அதைச் சொல்லட்டும். அந்தத் தெருவே மகிழ்ந்துபோகும்.

இனி நீங்கள் கேட்ட மோதல். என் அலுவலக மூத்தவர் ஒருவர் கிராமத்திலுள்ள தம் வீட்டுக்கு எங்களை ஓர் இரவு தங்க அழைத்திருந்தார். இரவு உணவுக்கு முன், “நீங்கள் முதலில் குளியுங்கள்” என்று என்னை அனுப்பினார்கள். மார்பளவு ஆழமான தொட்டியில் சுடுநீர் நிறைந்திருந்தது. சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுவதும் குளித்து முடித்தபின்தான் தொட்டியில் இறங்க வேண்டும் என்பதை நான் படித்திருந்தேன்; அப்படியே செய்தேன். இறங்கி உட்கார்ந்து, எழுந்ததும், நாம் மூழ்கிய நீரை அடுத்தவருக்கு விட்டுவைப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எண்ணி, அடியிலிருந்த அடைப்பைப் பிடுங்கி நீர் முழுவதையும் வெளியேற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவியும் வைத்தேன். வெளியே வந்தால் வீட்டுக்காரரின் தந்தையார் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நீர் வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவானது. ஒருவர் பின் ஒருவராக அதே நீரில்தான் இறங்குவார்கள். உடம்பைக் கழுவிவிட்டு இறங்குவதால் அது அழுக்காவதில்லை. மூடிவைத்துச் சூட்டைக் காப்பார்கள். மறுநாள் அதையே துணி துவைக்கவும் பயன்படுத்துவார்கள். புதுநீரில் முதலில் இறங்கச் சொல்வதுதான் விருந்தினருக்கு அவர்கள் செய்யும் உபசாரம். அவர்கள் கொடுத்த மரியாதையை, என் மரியாதையால் நான் வடித்துவிட்டேன்.

வறண்ட பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டியும், லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்தும் வளர்ந்தவன் நான். ஒரு தொட்டிச் சுடுநீர் வீணான வருத்தம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. அவர்களோ ஒரு சொல் சொல்லாமல் மீண்டும் நிரப்பினார்கள். அது நிறையும்வரை அந்தப் பெரியவர் என் அருகில் உட்கார்ந்து, உங்கள் ஊரில் எப்படிக் குளிப்பீர்கள் என்று கேட்டார். கிணற்றடியில் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதை நான் நடித்துக்காட்ட, என் மனைவி மொழிபெயர்த்தார். கழுவிவிட்டு இறங்குவதில் முதல் பாதியோடு நீங்கள் நிறுத்திக்கொள்கிறீர்கள் என்று அவர் சொன்னார். ஆகவே ஐயா, மகள் வீட்டிலானாலும் சரி, எங்கானாலும் சரி, அடைப்பைத் தொடாதீர்கள்.

வெந்நீர் ஊற்றுள்ள விடுதிக்கும் அழைத்துப்போவார்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஆடையில்லாமல்தான் இறங்க வேண்டும். சில விடுதிகளில் இரு பக்கத்தையும் எல்லோரும் அனுபவிக்க வேண்டும் என்று இரவோடு இரவாக ஆண் பக்கத்தையும் பெண் பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள். முதல் நாள் மாலை இடப்பக்கம் போன பழக்கத்தில் விடியற்காலையில் நான் இடப்பக்கத் திரையை விலக்கக் கையை நீட்டினேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி துடைப்பத்தைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். அந்தப் பாட்டிக்கு நான் எவ்வளவு கடன்பட்டவன் என்பதைத் திரைக்கு அப்பால் இருந்து என் மனைவியின் பேச்சுக் குரல் கேட்டபோதுதான் உணர்ந்தேன். திரையின் நிறத்தையோ பக்கத்தையோ நம்ப வேண்டாம், எழுத்தைப் பாருங்கள். வரப்பு வெட்டி நான்கு பாத்தி பிரித்த வயல் போல மேலே ஒரு சதுரம் இருந்தால் அது ‘ஆண்’. அந்தப் பகுதி உண்மையிலேயே வயலைத்தான் குறிக்கிறது. கீழே இருப்பது வலிமை. உள்ளே தொலைபேசி கொண்டுபோக முடியாது. எனவே எத்தனை மணிக்கு வெளியே வந்து சந்திப்பது என்று கணவனும் மனைவியும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நான் பேசிவைக்காமல் போய், ஒரு மணி நேரம் பால் விற்கும் இயந்திரத்தின் முன் நின்றிருக்கிறேன்.

உங்கள் ஊர்க் கைத்தறித் துண்டுகளை நிறைய எடுத்துச் செல்லுங்கள். புதிதாகக் குடிவருபவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துண்டு கொடுப்பது ஜப்பானில் பழைய வழக்கம்; அதனால் அதன் பொருள் அவர்களுக்கு உடனே புரியும். இரண்டு கையாலும் கொடுங்கள். உங்கள் முன்னால் பிரித்துப் பார்க்காவிட்டால் வருந்த வேண்டாம், அதுவும் அடக்கம்தான். வெந்நீர் ஊற்றில் அந்தச் சிறு துண்டை நீரில் நனைக்கக் கூடாது என்பதால் மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏரிக்கரையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காரும் நம் பெரியவர்களின் நினைவு வரும்.

கழிவறைக்கென்று தனிச் செருப்பு உண்டு. அதை மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரிக்காற்று (திருப்பத்தூர்):

பாலி பற்றி யாரும் எழுதவில்லை. மார்ச் என்று நீங்கள் சொன்னதால் உடனே எழுதுகிறேன். ‘நியெப்பி’ என்பது பாலி இந்துக்களின் ‘சக’ நாட்காட்டிப்படியான ஆண்டுப் பிறப்பு. பெரும்பாலும் மார்ச் மாதத்தில், பல ஆண்டுகளில் நம் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களின் யுகாதியை ஒட்டி வரும். அன்று காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை தீவு முழுவதும் மௌனம். விளக்கில்லை, அடுப்பில்லை, தெருவில் ஆளில்லை. விமான நிலையமே மூடப்படும். உங்கள் விமானம் அந்த நாளில் இல்லை என்பதை மகளிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அறிந்தே அந்த நாளில் அங்கே தங்கினோம். ஆனாலும் பொழுது சாய்ந்ததும் என் மனைவியின் கை தானாகவே விளக்கேற்றிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. விளக்கு வைக்காத வீட்டில் மூதேவி நுழைவாள் என்பது நம் நம்பிக்கை. விளக்கு தெரிந்தால்தான் தீய சக்திகள் இங்கே ஆள் இருக்கிறது என்று கண்டுகொண்டு இறங்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. விடுதிப் பையன் வெறுங்காலோடு ஓசையில்லாமல் ஓடிவந்து, கைகூப்பி, பேசக்கூட மனமில்லாமல் விளக்கைக் காட்டினான். என் மனைவி ஊதி அணைக்க மாட்டார், பூவால் அமர்த்தினார். அவன் அதைப் பார்த்து நெடுநேரம் நின்றான். மறுநாள் காலையில் தன் தாயாரை அழைத்துவந்து, அதை மீண்டும் செய்துகாட்டச் சொன்னான்.

ஒரு சிறு எச்சரிக்கை. அங்கே முதலில் பிறந்தவர் வாயன், இரண்டாமவர் மாதே, மூன்றாமவர் ஞோமான், நான்காமவர் கெதுத் என்று பிறந்த வரிசையிலேயே பலருக்கும் பெயர். என் தொலைபேசியில் மூன்று வாயன்களின் எண்களைப் பதிந்து வைத்துக்கொண்டு, காருக்கு அழைத்தால் மசாஜ்காரரும், மசாஜுக்கு அழைத்தால் படகுக்காரரும் வந்தார்கள். ‘கார் வாயன்’, ‘படகு வாயன்’ என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தறிவீடு (குடியாத்தம்):

எல்லோருக்கும் நாங்கள் இருவரும் எழுந்து நின்று நன்றி சொல்கிறோம். மகளிடம் இன்று காலையே பேசினேன். நாங்கள் பாலியிலிருந்து புறப்பட வேண்டிய நாள் சரியாக அந்த மௌன நாளிலேயே விழுந்திருந்தது. பயணச்சீட்டை அவள் இரண்டு நாள் தள்ளி மாற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த மௌனத்தை நாங்களும் இருந்து பார்ப்போம்.

கணக்கு நோட்டில் பதினொரு பக்கம் நிறைந்திருக்கிறது. வயல் போன்ற அந்த எழுத்தை என் மனைவி பென்சிலால் வரைந்து, என் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும்படி கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு துண்டுகளுக்குப் பாவு போட்டாகிவிட்டது; பல்கேரியப் பூக்காரப் பெண்ணைப் பற்றிப் படித்தபின் அதைப் பதின்மூன்றாக்கச் சொல்லிவிட்டார். அது பல்கேரியாவுக்கு உரியது, ஜப்பானுக்கு அல்ல என்று சொன்னேன். மொய்க்கு உரியது என்று பதில் வந்தது.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காய் வாங்கக் கிளம்பியவர், வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்து “இத்தே கிமாஸ்” என்றார். பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் நோட்டைப் புரட்டித் தேடிக் கண்டுபிடிக்கும்வரை படியிறங்காமல் நின்றுகொண்டிருந்தார்.